முதியோர்க்கும் உண்டு ஆடுகளம்

முதுமை எய்தியோர்க்கு விளையாட்டும் வேண்டுமோ என்று கேட்பார் நம்மிடையே பலர். போளையும் கிளித்தட்டும் சிறுவர்க்கு. கிறிக்கெற்றும் உதைபந்தாட்டமும் இளைஞர்க்கு. முதியோர்க்கோ திண்ணையும் செய்தித்தாளும் என்பது நாம் வகுத்துக்கொண்ட முறை. இம்முறை எல்லா நாட்டார்க்கும் உடன்பாடன்று என்பதை, ஸ்கொட்லாந்திலே கிளாஸ்கோ நகரத்துக் கழகமொன்றிற்குச் சென்றிருந்தபோது நேரிற் கண்டோம்.

அங்கு ஆடப்படுவது ‘லோன் பௌல்ஸ்’ எனும் உருண்டை விளையாட்டு. கம்பளம் விரித்தாற்போன்ற புற்றரையிலே ‘ஜாக்’ எனப்படும் சிறு பந்தினை முதலில் உருட்டி விடுவர். பின்னர் இரு பக்கத்தாரும் மாறிமாறித் தத்தம் உருண்டைகளை அதன் அருகே சென்று நிற்குமாறு உருட்டுவர். எதிரியின் மிக நெருங்கிய உருண்டையினும் அண்மையில் நிற்கும் ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு புள்ளி உண்டு. நம் சிறுவரின் போளையாட்டத்திற்கு இது மூத்த உறவினர் போலும் என எண்ணினோம்.

ஆயினும் இதில் ஒரு நுட்பம் உளது. உருண்டை முற்றிலும் கோள வடிவினதன்று. அதன் ஒரு பக்கத்திற் சிறு வட்டக்குறி இருக்கும். வேகம் குறையக் குறைய அப்பக்கமாகவே அது வளைந்து செல்லும். ஆகவே இலக்கை நேரே நோக்கி உருட்டுதல் பயன் தராது. எண்பதை அண்மிய பெரியவர் ஒருவர் எம் கையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுள்ள உருண்டையைத் தந்து, விலகி உருட்டும் வகையைக் காட்டினார். அவ்வாறே உருட்டினோம். அது எங்கோ போவது போற் போய், தாய்ப்பசுவை நாடும் கன்றெனத் திரும்பி, ஜாக்கிற்கு நான்கடி தொலைவில் நின்றது. பெரியவர் கைதட்டினார். அவருக்கு எதிராக ஆடியவளோ பதினாறு வயதுப் பெண். வலிமையன்று, அளவறிதலே இங்கு வெற்றி தருவது.

இவ்விளையாட்டு என்றும் எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1541 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தொழிலாளரும் வேலைக்காரரும் நத்தார்க் காலத்திலன்றி இதனை ஆடலாகாதெனத் தடுத்தது. அத்தடை 1845 இலேயே நீங்கியது. அதன்பின் சில ஆண்டுகளுள் கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் மிச்செல் என்பார் விதிகளை ஒழுங்குசெய்தார். கிறிக்கெற் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸ், 1903 இல் அமைந்த இங்கிலாந்துச் சங்கத்தின் முதற் தலைவரானார்.

தொழிலாளர்க்கே மூடப்பட்டிருந்த களம் இன்று எத்துணை அகன்றுள்ளது! 2022 இற் பேர்மிங்ஹாமில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலே, பார்வைக் குறைபாடுடையோர்க்கான இரட்டையர் போட்டியில் ஸ்கொட்லாந்து பொற்பதக்கம் வென்றது. ஆடுவோர்க்கு இலக்கின் திசையையும் தொலைவையும் எடுத்துரைத்த வழிகாட்டிகளுள் ஒருவரான ஜோர்ஜ் மில்லருக்கு அப்போது வயது 75. அவ்விழாக்களின் வரலாற்றிலே பொற்பதக்கம் பெற்றோருள் அதுவரை அவரே மிக மூத்தவர்.

இச்செய்தி நம் இல்லங்களையும் சிந்திக்கச் செய்தல் வேண்டும். பாட்டனார் திண்ணையில் தனித்திருக்கிறார். பேரன் முற்றத்தில் ஆடுகிறான். இருவர்க்கும் இடையே உள்ள தூரம் பத்தடிதான். மாணவர்களே, அடுத்த முறை போளை உருட்டும்போது அவரையும் அழையுங்கள். அவர் குறி தவறாதென்பதைக் கண்டு வியப்பீர்கள்.