நிலவிற் புதைந்த நீர்

தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்களில் மண்ணிற்குக் கீழே கடினமான சார்னோக்கைட்டுப் பாறை பரந்து கிடக்கின்றது. ஆதலின், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுமுன் நிலத்தினுள் மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை அளந்து, நீர் நிற்கும் பாறை வெடிப்பை உய்த்துணர்வர். வானிற் சுற்றும் கலம் ஒன்று, நிலவின் மண்ணிற் புதைந்த பனிக்கட்டியை எங்ஙனம் அறியும்?

நிலவின் துருவங்களில் சில பள்ளங்களின் அடியிற் கதிரவன் ஒளி ஒருபோதும் படுவதில்லை. அங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழ் 200 டிகிரியினும் தாழ்ந்துள்ளது. அங்குச் சேர்ந்த நீர் பனிக்கட்டியாய் நெடுங்காலம் நிலைத்திருக்கும். நிலவில் தங்க விழைவோர்க்கு அதுவே குடிநீராகும். அவ்விருளை ஊடுருவ ரேடியோ அலையே துணை.

2008 அக்டோபர் 22இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 ஏவப்பட்டது. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிற் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். அதிலிருந்த அமெரிக்க ரேடார், ஒரு பக்கமாகச் சுழலும் அலைகளை அனுப்பிற்று. சமதரையிற் பட்டு மீளும் அலை எதிர்ப்பக்கமாகச் சுழலும். பனிக்கட்டியுட் புகுந்து பலமுறை சிதறும் அலையிற் பெரும்பகுதி பழைய சுழற்சியுடனே மீளும்.

கரடுமுரடான பாறைகளும் இவ்வாறே அலையைத் திருப்பக்கூடும். ஆயின், பாறை சிதறிய புதுப்பள்ளத்தின் உள்ளும் புறமும் இக்குறி தோன்றும். வடதுருவத்தில் 40க்கு மேற்பட்ட பள்ளங்களிலோ உள்ளே மட்டும் தோன்றிற்று. அவற்றிற் பனிக்கட்டி உண்டென 2010இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. 2019இற் சென்ற சந்திரயான்-2 இரு வேறு அலைநீளங்களால் அப்பள்ளங்களை ஆராய்ந்தது. கருவி இடத்தைக் காட்டும். தோண்டினாலன்றித் துணிபு பிறவாது. தாம்பரத்துக் கிணற்றிற்கும் நிலவிற்கும் இவ்வுண்மை ஒன்றே.