உட்கார்ந்து ஓட்டும் வீடியோ கேம்

படத்தில்: ‘அவுட் ரன்’ டீலக்ஸ். செகா, ஜப்பான், 1986. வடிவமைப்பு: யு சுசுகி.

நின்றுகொண்டே பொத்தான் தட்டிப் பழகியவர்களுக்கு இது ராஜ வாகனம். சிவப்பு காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்தால், அடியிலுள்ள மோட்டார் பெட்டியையே அசைக்கும். சாலையை விட்டு இறங்கினால் ஸ்டீயரிங் அதிரும். கியர் இரண்டே; கிளட்ச் கிடையாது. புறப்படுமுன் கார் ரேடியோவில் மூன்று இசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மூர் டிரைவர்களுக்கும் முதல் வேலை அதுதானே!

திரையில் ஓடும் மரமும் பலகையும் வெறும் தட்டைப் படங்கள். அவற்றைச் சரசரவெனப் பெரிதாக்கியே வேகத்தை நம்பவைத்தார்கள்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் மேற்கே போனால், இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த நிஜப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஓட்ட வாய்ப்பில்லாதவர்களின் பந்தயக் கார் ஆசையை ஒரு டோக்கனில் தீர்த்துவைத்தவை ‘அவுட் ரன்’ போன்ற எந்திரங்கள்.

ஆடம்பரத்தின் உச்சம் 1993-இல் வந்தது. ‘ரிட்ஜ் ரேசர்’ ஆட்டத்துக்காக நாம்கோ நிறுவனம் முழு மாஸ்டா காரையே அகலத் திரைக்கு முன் நிறுத்தியது. சாவி திருகித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அதை வைக்க ஒரு கூடமே தேவைப்பட்டதால், மிகச் சில இடங்களுக்கே போய்ச் சேர்ந்தது.