மூஞ்சூறுக்குப் பசை அட்டை, திருக்கைக்குக் கண்ணாடித் தொட்டியா?

நாவலூர் அப்பார்ட்மென்ட்களில் ராத்திரி கிச்சன் சுவரோரமாக ‘கீச் கீச்’ என்று ஏதோ ஓடும். மறுநாளே பசை அட்டை வாங்கி வைத்துவிடுவோம். அதே வீட்டுப் பிள்ளை, “கொளத்தூர் கடையில தட்டு மாதிரி ஒரு மீன் இருக்குப்பா, வாங்கலாமா?” என்று கேட்டால், தொட்டிக்கு இடம் தேட ஆரம்பிப்போம். ஓடியது மூஞ்சூறு. கேட்டது நன்னீர்த் திருக்கை. ரெண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்களேன்.

மூஞ்சூறு எலி இல்லைங்க, முள்ளெலிக்குச் சொந்தம். வயரைக் கடித்துக் குதறும் பல் அதற்குக் கிடையாது. கரப்பானும் பூச்சியும்தான் முக்கிய சாப்பாடு. கண் மங்கல், அதனால்தான் சுவரை ஒட்டியே ஓடுகிறது. விலாவில் உள்ள சுரப்பியின் நாற்றத்தால் பூனைகூட பெரும்பாலும் தின்னாமல் விட்டுவிடும்.

கோவளம் மீன்காரம்மாவிடம் வாங்கும் கடல் திருக்கையிலும் ஒரு நெடி வரும். உப்புத் தண்ணீரைச் சமாளிக்க அது உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்திருப்பதுதான் காரணம். தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த மோட்டோரோ திருக்கைக்கு அந்தத் திறமை போய்விட்டது. கடலில் விட்டால் பிழைக்காது. ஆனால் மண்ணில் புதைந்திருக்கும் இரையை, அதன் உடம்பில் எழும் மின்சாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

ஆச்சரியம் எங்கே என்றால், ரெண்டுமே குட்டி போடும். மூஞ்சூறு பால் கொடுக்கும். திருக்கையோ, கருப்பைக்குள்ளேயே பால் மாதிரி ஒரு திரவத்தைச் சுரந்து குட்டியை வளர்க்கும். மூஞ்சூறு குட்டிகள் ஒன்றின் பின்புறத்தை இன்னொன்று கவ்விக்கொண்டு, அம்மா பின்னாடி ரயில் பெட்டி மாதிரி போவதைப் பார்த்தவர்கள் பசை அட்டையைத் தொட மாட்டார்கள்!

கடையில் உள்ளங்கை அளவில் இருக்கும் திருக்கை, அரை மீட்டர் அகலத்தையும் தாண்டும். வாலில் விஷ முள் வேறு. தொட்டி போதாமல் போனதும் ‘பாவம், ஏரியில விட்டுடலாம்’ என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. சிங்கப்பூரில் அப்பர் செலிட்டார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ குட்டி போட்டுப் பெருகுவதை 2010-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். நம்ம ஊர் ஏரித் தண்ணீரும் அதே வெதுவெதுப்புதான்.

மூஞ்சூறு வந்தால் சாப்பாட்டை மூடி வையுங்கள். அது வாய் வைத்ததைச் சாப்பிட வேண்டாம். வாசல் கதவைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் சுவரோரமாக மெல்லத் தள்ளினால் போய்விடும். அப்புறம் சிங்க் குழாய் ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஏற்கெனவே அட்டையில் ஒட்டிக்கொண்டதா? கையில் தடிமனான துணியைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் சமையல் எண்ணெய் விடுங்கள். பசை இளகிவிடும்.