எடை இயந்திரம் காட்டாத அளவு

பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நாள். மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி எடை இயந்திரத்தில் ஏறுகிறாள். நர்ஸ் எண்ணை உரக்கப் படிக்கிறார். ஆசிரியை பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். வரிசையின் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். இறங்கும்போது அவள் முகம் வாடிப்போகிறது. இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இயந்திரம் சொன்னது என்ன? இத்தனை கிலோகிராம் என்பது மட்டுமே. 'நான் அழகில்லாதவள்', 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்ற முடிவுகள் அந்த எண்ணில் இல்லை. சிரிப்பொலியைக் கேட்டு அவளே சேர்த்துக்கொண்டவை அவை. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் இந்த மதிப்பீட்டைத்தான் உளவியலார் 'தன்மதிப்பு' என்கிறார்கள்.

நர்சுகளும் டாக்டர்களும் மருந்தாளுநர்களும் சிலர், வேலை நேரம் போக மீதி நேரத்தில், ஊதியம் பெறாமல், வளரும் பெண்களுக்கு வழிகாட்டிகளாக இருக்க முன்வருகிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. தன்மதிப்புக்கு மாத்திரை உண்டா? இல்லையென்றால் இவர்களால் ஆவது என்ன? விஞ்ஞானம் இதுபற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மனத்துக்கும் ஓர் அளவுகோல்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் ஒரு வழி சொன்னார். பத்தே பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய ஒரு கருத்து. அதை எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். விடைகளுக்குரிய மதிப்பெண்களைக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். இந்த எளிய அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது.

1999-இல் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தன்மதிப்பில் இருந்த வேறுபாடு சிறியதுதான். ஆகவே 'பெண்களுக்குத் தன்மதிப்பு குறைவு' என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் அந்தச் சிறிய வேறுபாடு எந்த வயதில் மிகுதியாக இருந்தது தெரியுமா? 15 முதல் 18 வரை. அதாவது, உங்கள் வயதில்!

உடல் மாறும் காலம்

இந்த வயதை ஒட்டி உடலில் நிகழும் மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். பெண்களுக்கு வளர்ச்சி வேகம் உச்சத்தை அடைவது ஏறத்தாழ 12 வயதில். ஆண்களுக்கு அது சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்தே வருகிறது. ஒரே வகுப்பில் சில மாணவிகள் மாணவர்களைவிட உயரமாக இருப்பது இதனால்தான். உடற்பகுதி வளருமுன் கைகளும் பாதங்களும் வளர்ந்துவிடுவதால் நடையிலும் ஒரு தடுமாற்றம் தோன்றும். பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுவதும் இயற்கையே. இவற்றில் எதுவும் நோயன்று, குறையுமன்று. ஆனால் யாரும் விளக்கிச் சொல்லாவிட்டால், வளரும் பெண்ணுக்கு எல்லாமே குறையாகத் தோன்றும்.

அளவுகோல் வெளியிலிருந்தும் வந்து சேரலாம். பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவில், நந்திரோகா என்னும் பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்குள்ள பழங்குடி மக்களின் மரபில் பருத்த, உறுதியான உடலே மதிப்புக்குரியது. தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மூன்றாண்டுகள் கழித்து 1998-இலும், ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். உணவைப் பற்றிக் கவலைக்குரிய மனப்போக்கு உடையோர் முதலில் 12.7 சதவீதம், பின்னர் 29.2 சதவீதம். இரண்டாவது ஆய்வில் 74 சதவீத மாணவிகள், தாங்கள் மிகவும் பருமனாக இருப்பதாகச் சில நேரமாவது உணர்வதாகக் கூறினர். சில ஆண்டுகளில் அவர்களுடைய உடலமைப்பு மாறிவிடவில்லை. பார்க்கும் பார்வை மாறியிருந்தது. இரு முறையும் ஆராயப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவிகள். ஆகையால் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும், நம்மை நாம் அளக்கும் அளவுகோல் நம்முடையதாக இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

புகழ்ந்தால் போதுமா?

'நீ கெட்டிக்காரி, நீ அழகி என்று தினமும் சொன்னால் தன்மதிப்பு வளர்ந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலார் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். புதிர்களுக்கு விடை கண்ட பிறகு, சிலரை 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள். வேறு சிலரை 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். தோல்வி கண்டதும் 'புத்திசாலிகள்' அதிகம் சோர்ந்துபோனார்கள். அடுத்த சோதனையில் அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைந்தது. வெறும் பட்டம் தோல்வியில் கைகொடுப்பதில்லை.

அப்படியானால் எது கைகொடுக்கும்? 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்று உளவியலார் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். ஒன்று, தானே ஒன்றைச் செய்து வெற்றி காண்பது. இரண்டு, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. மூன்று, நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கச்சொல். நான்கு, தன் உடலின் நிலையைப் புரிந்துகொள்வது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு.

வழிகாட்டியின் கைப்பை

இப்போது அந்த நர்சை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நான்கு ஊற்றுகளும் அவர் கைப்பையிலேயே இருக்கின்றன!

அவர் ஸ்டெதஸ்கோப்பை மாணவியின் கையில் கொடுத்துத் தோழியின் இதயத்துடிப்பைக் கேட்கச் சொல்கிறார். நாடித்துடிப்பை எண்ணக் கற்றுத் தருகிறார். முதல் முறை எண்ணிக்கை தவறும். மூன்றாம் முறை சரியாக வரும். இது முதல் ஊற்று. அந்த நர்சும் இதே போன்ற ஊர்ப் பள்ளியில் படித்தவராக இருந்தால் அது இரண்டாவது. உடலைப் பற்றி முறையாகப் படித்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை உண்டு, அது மூன்றாவது. நான்காவதை ஓர் உரையாடலால் விளக்கலாம்.

"சிஸ்டர், நான் சுத்தச் சோம்பேறி. படிக்க உட்கார்ந்தா தூக்கம் வருது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது."

"சோம்பேறின்னு யாரும்மா சொன்னா? முதல்ல இரத்தத்தைப் பரிசோதிச்சுப் பார்ப்போம்."

இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால், அந்த வயதுப் பெண்ணுக்கு இரத்தசோகை என்று கொள்கிறார்கள். ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் பொருள் குறைந்தால் களைப்பு வரும், கவனமும் சிதறலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அப்படியானால் எத்தனை பேர் தங்களைச் சோம்பேறி என்றும் மக்கு என்றும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்! பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். கீரை, பயறு இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். 'நான் சோம்பேறி' என்ற தீர்ப்பு, 'என் ஹீமோகுளோபின் குறைவு' என்ற அளவாக மாறியதும் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. தீர்ப்பை மாற்றுவது கடினம். அளவை மாற்ற வழி உண்டு.

பாதியில் விட்டுப் போனால்?

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல எண்ணம் மட்டும் போதாது. அமெரிக்காவில், பெரியவர்களைச் சிறுவர் சிறுமியருக்கு வழிகாட்டிகளாக இணைத்துவைக்கும் திட்டத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வழிகாட்டியோடு ஓராண்டோ அதற்கு மேலோ பழகியவர்களின் தன்மதிப்பு உயர்ந்தது. மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்தவர்களுக்கோ, அது இருந்ததைவிடக் குறைந்துபோயிற்று! முன்பே சிக்கலில் இருந்தவர்களின் உறவு சீக்கிரம் முறிந்திருக்கலாம் என்பதும் நியாயமான ஐயமே. எனினும் பாடம் தெளிவானது. 'என்னைப் பார்க்க வந்தவரும் போய்விட்டார். குறை என்னிடம்தான்' என்று பிள்ளை மனம் எண்ணிவிடும். அதனால்தான் ஓராண்டு வர முடியாதவர் தொடங்காமலிருப்பதே மேல்.

நிலைத்து நின்றவருக்கு உதாரணம் நம்மிடையே உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். போக்கிடமற்ற பெண்களுக்காக 1930-இல் அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அவர்களுக்கு உறைவிடம் மட்டுமன்றிக் கல்வியும் தந்தார். 1968-இல் அவர் மறைந்த பின்னும் அந்தப் பணி தொடர்ந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், உங்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் தீர்ப்பை எழுதுங்கள். வலப்பக்கம் அதையே அளவாக மாற்றுங்கள். 'நான் கணக்கில் மக்கு' என்பது இடப்பக்கம். 'காரணிப்படுத்தலில் ஐந்துக்கு இரண்டு கணக்குகள்தான் சரியாக வருகின்றன' என்பது வலப்பக்கம். இரண்டாவதைப் படிக்கும்போது, அடுத்து என்ன செய்யலாம் என்ற யோசனை தானாக வருகிறது அல்லவா? சில தீர்ப்புகளை மாற்றவே முடியவில்லை, மனம் மிகவும் கனக்கிறது என்றால் தனியே சுமக்க வேண்டாம். நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சரி, அந்த எடை இயந்திரத்தை என்ன செய்வது? அடுத்த முறை அதை ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராக அழைத்து, எண்ணை மெல்லச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கலாம். ஒரு திரைச்சீலையும் ஐந்து நிமிடமும் போதும். உங்கள் பள்ளியில் அப்படி இல்லையென்றால், ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்களேன்! வரிசையில் நிற்கும்போது சிரிக்காமலிருக்கவோ எந்த ஏற்பாடும் தேவையில்லை.