மாற்றுக் கம்பியும் மூடிய வாயிலும்

மாணவர்களே! பள்ளிக் கணினி அறையில் பல கணினிகளின் கம்பிகள் வந்து சேரும் சிறு பெட்டியைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் ஸ்விட்ச் என்றே பெயர். ஆனால் அது விளக்கை ஏற்றும் ஸ்விட்ச் அன்று. எந்தக் கணினி எந்த வாயிலில் இணைந்துள்ளது என்பதை நினைவிற் கொண்டு, செய்தியை உரிய வாயில் வழியே அனுப்புவது அதன் பணி.

பெரிய கட்டடங்களில் பல ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள். இரண்டுக்கு இடையே ஒரே கம்பி இருந்து, அது அறுந்தால் தொடர்பு போய்விடும். அப்படியானால் அ, ஆ, இ என்னும் மூன்று ஸ்விட்சுகளை முக்கோணமாக இணைத்துவிட்டால் போதாதா?

போதாது, ஆபத்தும் உண்டு. 'எல்லாருக்கும்' என முகவரியிட்ட செய்தியை ஒரு ஸ்விட்ச், அது வந்த வாயில் தவிர மற்றெல்லா வாயில்களிலும் அனுப்பும். அ அனுப்பியது ஆ-வுக்கும், பின் இ-க்கும் சென்று மீண்டும் அ-வுக்கே வரும். இன்னொரு நகல் எதிர்த்திசையில் சுற்றும். 'இத்தனை தாவலுக்குப் பின் அழிந்துவிடு' என்னும் கணக்கு ஈதர்நெட் செய்தியில் இல்லை. ஆகவே சுற்று நிற்காது. புதிய செய்திகளும் சேரச் சேர, கம்பிகள் விரைவில் நிரம்பி வழியும். இதனை ஒலிபரப்புப் புயல் என்பர்.

இதற்கு 1985-இல் வழி கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. மரத்தின் கிளைகள் பிரியும். மீண்டும் கூடி வளையமாகா. வலையமைப்பையும் அவ்வாறே ஆக்கினார். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஓர் எண் உண்டு. மிகச் சிறிய எண்ணுடையது வேர். மற்றவை வேருக்குச் செல்லும் சிக்கனமான பாதையைத் தேர்ந்து, வளையம் உண்டாக்கும் வாயிலை மூடிவிடும். நம் முக்கோணத்தில் அ வேரானால், ஆ–இ கம்பியின் ஒரு முனை மூடப்படும்.

மூடிய வாயில் உறங்குவதில்லை. வேரிலிருந்து 2 நொடிக்கு ஒருமுறை வரும் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேருக்குச் செல்லும் கம்பி அறுந்தால், பழைய முறையில் 30 முதல் 50 நொடிகளில் மாற்று வழி திறக்கும். ஏன் இத்தனை தாமதம்? அவசரப்பட்டுத் திறந்தால் மீண்டும் வளையம் உண்டாகிவிடும் அல்லவா? 2001-இல் வந்த திருத்திய முறையில், ஸ்விட்சுகள் தமக்குள் கலந்து பேசி மிக விரைவில் திறக்கின்றன.

இது சிறு செய்தியன்று. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில், வலையமைப்பு அளவுமீறி வளர்ந்திருந்ததால் இவ்வேற்பாடு குலைந்தது. ஏறக்குறைய நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதியே பணி செய்ய நேர்ந்தது.

இப்போது ஒரு பயிற்சி. ஐந்து புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணையுங்கள். 10 கோடுகள் வரும். எந்தப் புள்ளியும் தனித்துவிடாமல், எந்த வளையமும் எஞ்சாமல் இருக்க எத்தனை கோடுகளை அழிக்க வேண்டும்? வரைந்து பாருங்கள்!