மூக்கைத் தூக்கும் படகு!

பைக்ல ட்ரிபிள்ஸ் போயிருக்கீங்களா? (வீட்ல சொல்ல மாட்டோம், பாஸ்!) கடைசி ஆள் ஏறினதும் ஹேண்டில் லேசாகி வண்டி அலையுமே... ஸ்பீடு போட்டிலும் அதே கதைதான். அமெரிக்காவில் 1998 முதல் படிப்படியாக வந்த புகை விதிகளால் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஓரங்கட்டப்பட்டன. பதிலுக்கு மாட்டிய ஃபோர் ஸ்ட்ரோக், அதே குதிரைசக்திக்குப் பெரும்பாலும் அதிக கனம். அதுவும் படகின் வால் நுனியில்!

விளைவு? மூக்கு வானம் பார்க்கும். எதிரே வருவது தெரியாது. வேகமெடுத்தால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி... டால்ஃபினின் ஒன்றுவிட்ட தம்பி போர்பாய்ஸ் துள்ளுவது போல. பெயரே 'போர்பாய்சிங்'தான்.

முன்னால் மணல் மூட்டை போடலாமா? ம்ஹூம், படகு இன்னும் அமுங்கும். இருக்கிற எடையை இடம் மாத்துங்க. சீசா கணக்குதான்: சமநிலைப் புள்ளிக்கு 2 மீட்டர் பின்னால் 20 கிலோ கூடியிருந்தால், பின்னால் கிடக்கும் 20 கிலோ பேட்டரியை 2 மீட்டர் முன்னே நகர்த்துங்க. சரியாப் போச்சு! அப்புறம் மோட்டாரின் ட்ரிம் கோணம். அடிப்பாகத்தைப் படகுப் பக்கம் இழுத்தால் மூக்கு இறங்கும். ரொம்ப இழுத்தால் ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பின்பக்கம் ட்ரிம் டேப் தகடுகள்.

இதெல்லாம் ஓடும்போது. வேகமாகப் போய் சட்டென்று த்ராட்டிலை விட்டால், படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து உள்ளே ஏறும். அதனால் முதல்ல கரையோரமா எல்லாரையும் ஏத்தி நிறுத்திப் பாருங்க. முன்பு நீருக்கு மேலே இருந்த வடிகால் ஓட்டை இப்போ முங்கியிருக்கா? எதையும் இடம் மாத்தியும் அது மேலே வரலைன்னா, அந்த மோட்டார் அந்தப் படகுக்கு ஆகாது.