பச்சிளங் குழந்தைகளில் நீடித்த மஞ்சள் காமாலை

பிறந்த குழந்தையின் தோலிலும் கண்ணின் வெண்பகுதியிலும் தோன்றும் மஞ்சள் நிறம், நிறைமாதக் குழந்தைக்கு 14 நாட்களையும் குறைமாதக் குழந்தைக்கு 21 நாட்களையும் கடந்து நீடித்தால், அது நீடித்த மஞ்சள் காமாலை எனப்படும். பெரும்பாலான குழந்தைகளில் இது தீங்கற்றது; சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். மிகச் சில குழந்தைகளில் மட்டும் இது கல்லீரல் நோயின் முதல் அறிகுறியாக இருக்கும். தோலின் மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. குழந்தையின் மலம், சிறுநீர் ஆகியவற்றின் நிறமும் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையுமே வேறுபாட்டைக் காட்டும்.

மஞ்சள் நிறம் ஏற்படும் விதம்

இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் இதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இவ்வாறு மாற்றப்பட்டது நேரடி பிலிருபின் என்றும், மாற்றப்படாதது மறைமுக பிலிருபின் என்றும் அழைக்கப்படுகின்றன. மலத்துக்கு நிறம் தருவது குடலை அடையும் இந்த பிலிருபினே.

பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளும் குறைவு. கல்லீரலும் முழுத்திறனுடன் இயங்கத் தொடங்கியிருக்காது. எனவே பல குழந்தைகளுக்கு 2 அல்லது 3ஆம் நாளில் மஞ்சள் நிறம் தோன்றி, ஓரிரு நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு வாரங்களுக்குள் மறைகிறது. இது இயல்பான மஞ்சள் காமாலையாகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் நிறம் இயல்பானதன்று.

தாய்ப்பால் மஞ்சள் காமாலை

இரண்டு வாரங்களுக்குப் பின்னும் நீடிக்கும் மஞ்சள் காமாலைக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. தாய்ப்பாலில் உள்ள சில பொருட்களால், குடலை அடைந்த பிலிருபினின் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்வதாகக் கருதப்படுகிறது. இக்குழந்தைகள் நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், மலம் மஞ்சளாகவும் சிறுநீர் நிறமற்றும் இருக்கும். மஞ்சள் நிறம் சில வேளைகளில் 12 வாரங்கள் வரையும் நீடிக்கலாம்.

இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. தாயின் பாலில் குறை உள்ளது என்பதோ, தாய் உண்ட உணவு சேரவில்லை என்பதோ இதன் பொருளன்று. மஞ்சள் நிறக் காய்கறிகளையும் பருப்பையும் தாய் தவிர்ப்பதால் குழந்தையின் பிலிருபின் குறையாது; பாலூட்டும் தாய்க்கு வேண்டிய ஊட்டமே குறையும்.

முதல் வாரத்தில் போதிய பால் கிடைக்காததால் ஏற்படும் மஞ்சள் காமாலை இதிலிருந்து வேறானது. அக்குழந்தைகளின் எடை குறையும். சிறுநீர் கழிப்பதும் குறையும். அடிக்கடி பாலூட்டுவதும், குழந்தை மார்பைப் பற்றும் முறையைச் சரிசெய்வதுமே அதற்குத் தீர்வு.

பிற காரணங்கள்

தாய், சேய் இரத்த வகைகளின் பொருத்தமின்மை, ஜி6பிடி நொதிக் குறைபாடு, சிறுநீர்த் தொற்று, தைராய்டு சுரப்புக் குறைபாடு ஆகியவற்றாலும் மஞ்சள் காமாலை நீடிக்கலாம். தைராய்டு குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்கலாம். காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் மட்டும், மருத்துவரின் அறிவுரைப்படி தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்கும்.

பித்தநாள அடைப்பு

பிலியரி அட்ரீசியா எனப்படும் இந்நோயில், கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளங்கள் அழிந்து அடைபடுகின்றன. பித்தநீர் வெளியேற வழியின்றித் தேங்கிக் கல்லீரலைச் சிதைக்கிறது. இந்நோய் அரியது. ஆனால் நீடித்த மஞ்சள் காமாலை உள்ள ஒவ்வொரு குழந்தையிலும் இது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியதற்குக் காரணம் உண்டு: முதல் வாரங்களில் இக்குழந்தைகள் நலமாகவே காணப்படுவார்கள். பால் குடிப்பார்கள், எடையும் கூடலாம். இதனால் “தாய்ப்பால் காமாலைதான், போய்விடும்” என்று காத்திருப்பதில் நாட்கள் கழிந்துவிடுகின்றன.

1950களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கிய அறுவை முறையில், குடலின் ஒரு பகுதி கல்லீரலின் அடிப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்பட்டுப் பித்தநீருக்கு வழி அமைக்கப்படுகிறது. குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் இதைச் செய்தால் பித்தநீர் ஓட்டம் மீளும் வாய்ப்பு அதிகம். நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறைகிறது. அறுவைக்குப் பின்னும் பலருக்குப் பிற்காலத்தில் கல்லீரல் மாற்று தேவைப்படலாம். சிகிச்சையே பெறாத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

மலமும் சிறுநீரும்

பித்தநீர் குடலை அடையாவிட்டால் மலம் நிறம் இழக்கும். மஞ்சள், கடுகு நிறம், பச்சை ஆகியவை இயல்பான நிறங்கள். வெள்ளை, சுண்ணாம்பு நிறம், வெளிர் சாம்பல், களிமண் நிறம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தொடக்கத்தில் மஞ்சளாக இருந்த மலம் சிறிது சிறிதாக வெளுப்பதும் உண்டு. ஆகவே ஒரு நாள் பார்த்து விட்டுவிடாமல், முதல் இரண்டு மாதங்களும் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றது. மறைமுக பிலிருபின் நீரில் கரையாததால் சிறுநீரில் வராது. நேரடி பிலிருபின் வரும். ஆகவே வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படியும் அளவுக்குச் சிறுநீர் நிறத்துடன் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தைவான் நாட்டில் மல நிறங்களைக் காட்டும் அட்டை 2004 முதல் நாடு முழுவதும் பெற்றோருக்கு வழங்கப்படுகிறது. ஜப்பானில் இது தாய் சேய் நலக் கையேட்டில் இடம்பெற்றுள்ளது. அட்டை இல்லாத இடங்களில், ஐயமுள்ள மலத்தைத் துணியுடன் எடுத்துச் சென்றோ படம் எடுத்தோ மருத்துவரிடம் காட்டலாம். இந்தியாவில் 6ஆம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போது குழந்தைக்கு 42 நாட்கள் ஆகியிருக்கும். மஞ்சள் நிறம் மறையாத குழந்தையைக் காட்ட அதுவரை காத்திருக்கக் கூடாது.

பரிசோதனைகள்

முதலில் செய்ய வேண்டியது, மொத்த பிலிருபினையும் நேரடி பிலிருபினையும் தனித்தனியே அளக்கும் இரத்தப் பரிசோதனை. நேரடி பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குழந்தைகள் கல்லீரல் நோய் மருத்துவரின் ஆய்வு தேவை. வயிற்று ஸ்கேன் உள்ளிட்ட அடுத்த பரிசோதனைகளை அவர் முடிவு செய்வார். நேரடி பிலிருபின் இயல்பாக இருந்தால், தேவைக்கேற்பத் தைராய்டு, இரத்த அணுக்கள், சிறுநீர் ஆகியவை சோதிக்கப்படும்.

ஒளிச்சிகிச்சை

மறைமுக பிலிருபின் மிக அதிகமானால் அது மூளையைப் பாதிக்கலாம். அந்நிலையில் நீல ஒளியின் கீழ் குழந்தை வைக்கப்படுகிறது. தோலில் உள்ள பிலிருபினை இவ்வொளி எளிதில் வெளியேறும் வடிவத்துக்கு மாற்றுகிறது. பித்தநாள அடைப்பை ஒளிச்சிகிச்சை குணப்படுத்தாது. காலை வெயிலில் குழந்தையைக் காட்டுவது இதற்கு மாற்றாகாது; அதனால் தோல் புண்படவும் உடல் குளிரவும் கூடும்.

வீட்டுப் பராமரிப்பு

நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுக்க வேண்டும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழிப்பதும், எடை சீராகக் கூடுவதும் பால் போதுமானதாக உள்ளதைக் காட்டும். கருமையான தோலில் மஞ்சள் நிறம் எளிதில் புலப்படாது என்பதால் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் நீர், கழுதைப்பால், கீழாநெல்லிச் சாறு ஆகியவற்றைப் பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இவை தாய்ப்பால் அளவைக் குறைக்கும், தொற்றுக்கு இடமளிக்கும், நோயைக் கண்டறியும் நாளையும் தள்ளிப்போடும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

மலம் வெளுத்தல், சிறுநீர் அடர் மஞ்சளாதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சல், வலிப்பு, உடல் விறைத்தல், தொடர் வாந்தி, வயிறு உப்புதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசிவதும் அவசர நிலையே. பித்தநீர் குடலுக்கு வராதபோது உயிர்ச்சத்து கே உறிஞ்சப்படாமல் இரத்தம் உறையும் தன்மை குறைகிறது. இக்கசிவு அதன் அடையாளமாக இருக்கலாம்.